பரிவட்டம் கட்டிய ஆங்கிலம்

சென்ற இதழில் பள்ளிக்கூட ஆங்கில இலக்கிய மன்றங்கள் பற்றி நண்பர் எழுதியிருந்த கட்டுரையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நம் வட்டத்தில் ஒருவர் ஒன்று எழுதினால் மற்றவர்கள் ஃபோனில் 'நன்றாக வந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டு அதை மறந்துவிடுவது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. சம்பிரதாயத்தை மீறுவதால் நட்பு கெடாது என்று நம்புகிறேன். கெட்டாலும் சொல்லவேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நண்பர் நியூ ஜெர்ஸியில் தம்பி வீட்டில் மூன்று மாதம் தங்கியிருக்கிறார். தம்பி மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவளை 'நேஷனல் இங்கிலீஷ் ஹானர் சொசைட்டி' என்ற சங்கத்தில் சேர்த்துக்கொள்ளும் விழாவுக்கு இவரும் போயிருக்கிறார். பிள்ளைகள் வரிசையாக வந்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், உறுதிமொழி சொன்னார்கள், சட்டையில் வில்லை குத்திக்கொண்டார்கள், பட்டமளிப்பு நாளன்று கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு பின்னல் கயிறும் உண்டு என்று அறிவித்தார்கள். நண்பருக்குக் கண் கலங்கிவிட்டது. இலக்கியத்தை இப்படிக் கௌரவிக்கிற ஒரு சமூகம் இருக்கிறதே என்று நெகிழ்ந்து ஊர் திரும்பியவர், நம் சீமையிலும் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் இப்படியொரு மன்றம் வேண்டும் என்கிறார். தேர்ந்தெடுத்த மாணவர்கள், தனி அடையாளம், ஆண்டுக்கு ஒரு விழா, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு இவர்கள் பாடம் சொல்லித் தருவது, புத்தகம் சேகரித்துத் தருவது. கடைசியில் ஒரு பிரம்மாஸ்திரமும் விடுகிறார்: நவீனத் தமிழ் இலக்கியமே ஆங்கில வாசிப்பிலிருந்து பிறந்ததுதான், பள்ளியில் அது செத்தால் நமக்கு வாரிசு கிடையாது.

கடைசி வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். மற்றதெல்லாம் சடங்கின் மயக்கம்.

முதலில் அந்தச் சங்கத்தின் பூர்வீகம். அமெரிக்காவில் கல்லூரி ஆங்கில மாணவர்களுக்கு 'சிக்மா டௌ டெல்டா' என்றொரு சங்கம் 1924இல் தெற்கு டகோட்டாவில் ஒரு சிறிய கல்லூரியில் ஆரம்பமாயிற்று. அதுவே 2005இல் உயர்நிலைப் பள்ளிகளுக்காக இந்தக் குட்டிச் சங்கத்தை ஈன்றது. சேர்வதற்கு முதல் தகுதி மதிப்பெண். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண், பொதுவாகவும் வகுப்பில் மேல்வரிசை. அதன்பின் ஆசிரியர் சம்மதம், சந்தா, விழா. ஒருவன் என்ன படித்தான், படித்ததில் எது அவனைத் தூங்கவிடாமல் செய்தது என்ற கேள்வி வாசலில் கேட்கப்படுவதில்லை. இது அந்தச் சங்கத்தின் குற்றமென்று சொல்லமாட்டேன். கௌரவச் சங்கம் என்ற ஜாதியின் சுபாவமே அது.

இந்த ஜாதிக்கு ஒரு மூதாதை உண்டு. 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் ஊரில் சில மாணவர்கள் கூடி 'ஃபை பீட்டா கப்பா' என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அது ரகசியச் சங்கம். ஆசிரியர்களின் காது எட்டாத இடத்தில் எதைப் பற்றியும் தர்க்கம் செய்யலாம் என்பதற்காகவே ரகசியம். கட்டுரை எழுதினார்கள், எதிர்த்து எழுதினார்கள், சண்டை போட்டார்கள். பின்னால் ரகசியம் போயிற்று, தர்க்கமும் போயிற்று. மிஞ்சியது ஒரு சின்னச் சாவியும் மதிப்பெண் பட்டியலும். விவாதிக்கக் கூடிய ஒரு கூட்டம் எப்படி விருது ஸ்தாபனமாகக் கெட்டியாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. நண்பர் இந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு அதையே ஆரம்பமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

'ஹானர்' என்ற சொல்லை நண்பர் 'மாண்பு' என்று தமிழாக்கியிருக்கிறார். செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படி மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே அதற்கு நடைமுறையில் உள்ள சொல் மரியாதை. கோயிலில் யாருக்கு முதல் விபூதி, யார் தலையில் பரிவட்டம், யார் கை தேர்வடத்தில் என்ற மரியாதை. கண்டதேவித் தேர் வருஷக்கணக்கில் ஓடாமல் நின்றது மரத்தில் கோளாறு என்பதால் மட்டுமல்ல என்பது சிவகங்கைச் சீமையில் பிறந்த எவருக்கும் தெரியும். மரியாதை ஒருவனுக்குக் கொடுப்பது போலத் தோன்றும். உண்மையில் அது மற்றவனுக்கு இல்லையென்று சொல்லும் ஏற்பாடு. அமெரிக்கப் பள்ளியில் அந்தக் கயிறு என்ன செய்கிறதோ எனக்குத் தெரியாது. இந்த மண்ணில் அது இறங்கினால் பரிவட்டமாகத்தான் இறங்கும். அதுவும் ஆங்கிலம் என்ற, ஏற்கனவே பரிவட்டம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒன்றின் தலையில்.

நண்பருக்கு இன்னொன்றையும் ஞாபகப்படுத்த வேண்டும். ஆங்கில இலக்கிய மன்றம் நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் என்று பெயரளவில் உயிரோடிருந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஷாமியானா போட்டதும் எழுந்து உட்காரும் பிராணி அது. அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சிறார் திரைப்பட மன்றம் எல்லாவற்றுக்கும் புத்துயிர் கொடுத்து, பாட வேளையும் ஒதுக்கினார்கள். நோக்கத்தில் குறையில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஈரானியச் சினிமா பார்க்கிறார்கள் என்றால் நான் ஏன் குறை சொல்கிறேன்? ஆனால் எந்த நல்ல நோக்கமும் பள்ளி வளாகத்துக்குள் நுழைந்த மறுவாரமே போட்டியாகிவிடுகிறது. போட்டி என்றால் பரிசு. பரிசு என்றால் நடுவர்.

நடுவர் உத்தியோகம் எனக்கும் ஒருமுறை வாய்த்தது. பள்ளத்தூரைச் சுற்றி பத்து மைலுக்குள் உள்ள ஒரு பள்ளி. பெயர் வேண்டாம், எந்தப் பள்ளியாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். மேனேஜரை அழைத்திருந்தார்கள், அவருக்கு ஆடிட், பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்ற ஒரே பாவத்துக்காக என்னை அனுப்பிவைத்தார். குத்துவிளக்கு, பொன்னாடை, 'இங்கிலீஷ் லிட்டரரி அசோசியேஷன்' என்று தங்க எழுத்தில் பேட்ஜ். மன்ற உறுப்பினர்கள் முப்பது பேர், எல்லாரும் மதிப்பெண் பட்டியலின் மேல்பகுதியிலிருந்து இறங்கி வந்தவர்கள். ஒரு பையன் வேட்டியைக் குறுக்கே சுற்றிக்கொண்டு மார்க் ஆண்டனியாக வந்தான். ஒரு பெண் தாத்தாவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போர்ஷியாவாகக் கருணையைப் பற்றிப் பேசினாள். ஷைலக் மேடையில் இல்லை. யாரிடம் கருணை கேட்கிறாள், அந்த யூதனுக்குக் கடைசியில் கிடைத்த கருணை எப்படிப்பட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வட்டிக்குக் கொடுத்து வாங்கியே மாளிகை எழுப்பிய ஒரு சீமையில், வட்டிக்காரனை ஊரே கூடி மொட்டையடிக்கும் நாடகத்தைப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் போடுகிறார்கள். பார்க்க வந்த பெரியவர்கள் கை தட்டுகிறார்கள். இந்த விசித்திரத்தில் தடுக்கி விழ ஒருவர்கூட இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. எங்கள் கையில் கொடுத்த தாளில் நான்கு கட்டங்கள்: உச்சரிப்பு, ஞாபகம், சைகை, தோற்றம்.

பிறகு வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதை ஒன்பது முறை. ஒன்பதாவது முறை முடிந்ததும், மன்றத்தைச் சேராத, வேடிக்கை பார்க்க உட்காரவைக்கப்பட்டிருந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். 'சார், நோட்ஸ்ல தங்கச்சிகூட நடந்து போறப்ப அந்தப் பூவப் பார்த்தார்னு போட்டிருக்கு. பாட்டுல மட்டும் தனியாப் போனேங்கிறார். தங்கச்சிய ஏன் சார் விட்டுட்டார்?'

ஆசிரியர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, 'டைம் ஆச்சும்மா, உட்காரு' என்றார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்த மூன்று மணி நேரத்தில் இலக்கியம் பற்றிப் பேசப்பட்ட ஒரே வாக்கியம் அது. 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் அந்தப் பூக்களைப் பார்த்தார்கள். டொரத்தி அன்றைய நாட்குறிப்பில் பூக்களை, காற்றை, அவை கல்லில் தலை சாய்த்திருந்த விதத்தை எழுதிவைத்தாள். கவிதை வந்தது இரண்டு வருஷம் கழித்து, 1804இல், அச்சானது 1807இல். அதற்குள் டொரத்தி கவிதையிலிருந்து வெளியேறிவிட்டாள். இன்னும் வேடிக்கை, தனிமையின் ஆனந்தத்தைச் சொல்லும், கவிதையிலேயே சிறந்தவை என்று கவிஞரே கருதிய இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆக, தங்கை கூட நடந்து, தங்கை குறிப்பு எழுதி, மனைவி வரி கொடுத்து உருவான தனிமை அது. ரொமான்டிக் கவிதையில் 'நான்' என்பது எப்படிச் செய்யப்படுகிறது, அதற்கு யார் யார் உழைக்கிறார்கள் என்று சென்ற நாற்பது ஐம்பது ஆண்டுகளாக அங்கே விமர்சகர்கள் எழுதிவரும் விஷயத்தின் நடு நரம்பை, ஒரு நோட்ஸின் முன்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி தொட்டுவிட்டாள்.

நான் மற்ற இரு நடுவர்களிடமும் பரிசு அந்தக் கேள்விக்குத்தான் என்றேன். ஒருவர் சிரித்தார். மற்றவர், 'அது வினாடி வினாவில் வரும் சார்' என்றார். முதல் பரிசு போர்ஷியாவுக்கு.

நண்பரின் மன்றத்தில் இந்தப் பெண்ணுக்கு இடம் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அவள் ஐம்பதைத் தாண்டுவதில்லை என்று ஆசிரியரே சொன்னார். தவிர, அவள் கேள்வி தமிழில் கேட்கப்பட்டது. ஆங்கில மன்ற விழாவில் தமிழில் பேசினால் அபராதம் ஒரு ரூபாய் என்று பலகையில் எழுதியிருந்தது.

உடனே நண்பர், 'பார்க்காத பூவைப் பற்றிப் பாடவைத்தது ஏகாதிபத்தியம்' என்ற பழைய புகாரை நான் எடுக்கப்போகிறேன் என்று எதிர்பார்ப்பார். இல்லை. பார்க்காத பூவைப் பற்றிப் படிப்பதற்குத்தான் கவிதை. பள்ளத்தூரில் எந்தப் பிள்ளை குறிஞ்சியைப் பார்த்திருக்கிறது? கம்பன் சரயு நதியை எந்தப் படித்துறையில் இறங்கிப் பார்த்தான்? இந்தச் செம்மண் சீமையில் உட்கார்ந்துகொண்டு கோசலத்து வயல்களைப் படிக்கிறவனுக்கு இங்கிலாந்தின் ஏரிக்கரை மட்டும் எப்படி அந்நியம்? டாஃபடில் நமக்கு ஆகாது என்பவர்களும் டாஃபடில் ஒப்பித்தால் பேட்ஜ் என்பவர்களும் ஒரே குட்டையில் ஊறியவர்கள். இருவருக்கும் அந்தக் கவிதையைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மனப்பாடத்தோடும் எனக்குச் சண்டை இல்லை. இதே ஊரில் வளர்ந்து, ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், நாடக மேடைக்கு வந்து 'பள்ளத்தூர் பாப்பா' என்று பெயர் வாங்கிய பெண்தான் பின்னாளில் மனோரமா ஆனார். பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தவர். மேடையில் அந்த வசனத்துக்கு எதிராள் ஒருவன் இருந்தான், அவன் தவறவிட்டால் இவர் எடுத்துக் கொடுக்க வேண்டும், பின்பெஞ்சில் இருப்பவன் சிரிக்காவிட்டால் அன்று கூலி சந்தேகம். மன்ற மேடையில் ஒப்பிக்கிற பிள்ளைக்கு எதிராள் இல்லை, நடுவர்தான் இருக்கிறார். அந்த வித்தியாசம் சின்னதல்ல.

இனி அந்தப் பாதி உண்மை. ஆங்கில வாசிப்பு இல்லாமல் நம் நவீன இலக்கியம் இல்லை என்பது சரி. விட்மனைப் படித்துத்தான் பிச்சமூர்த்தி புதுக்கவிதைப் பக்கம் வந்தார். க.நா.சு. ஐரோப்பாவையே மூட்டை கட்டிக்கொண்டு வந்து தமிழ் வாசலில் இறக்கினார். நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் போதித்துக்கொண்டே எழுதினார். ஆனால் இவர்களை ஆக்கியது பள்ளி மன்றமா? மௌனி படித்தது கணக்கு. சுந்தர ராமசாமி பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை, தமிழ் எழுதப் படிக்கவே பதினெட்டு வயதுக்குமேல் கற்றவர். ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்பு. கம்யூனிஸ்ட் கட்சி ஆபீஸ் அவருக்குப் பள்ளிக்கூடம். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' ஆரம்பித்தபோது எந்தக் கல்லூரி ஆங்கிலத் துறை மெழுகுவர்த்தி ஏற்றியது? ஆங்கில வாசிப்பை மன்றத்தோடு சேர்த்துக் கட்டுவது நண்பர் செய்யும் கைவித்தை. கயிற்றை அவிழ்த்தால் இரண்டும் தனித்தனியே விழுகின்றன.

இந்தக் கைவித்தையை உடைக்கப் பாரதி ஒருவனே போதும். திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பெற்ற ஆங்கிலப் படிப்பைப் பற்றி அவன் 'ஸ்வசரிதை'யில் எவ்வளவு கசப்போடு எழுதியிருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். தகப்பனார் செலவழித்த பணத்துக்கும் தனக்கு வந்த தீமைக்கும் அவன் போட்ட கணக்கை மேடையில் முழங்காத பேச்சாளன் இல்லை. ஆனால் அதே ஆள்தான், காசியிலிருந்து திரும்பி எட்டயபுரத்தில் இருந்தபோது, 1904இல் மதுரை சேதுபதி பள்ளிக்குத் தமிழாசிரியராகப் போவதற்கு முன்னால், 'ஷெல்லிதாசன்' என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டு 'ஷெல்லியன் கில்டு' என்று ஒரு சங்கம் வைத்து, நண்பர்களைக் கூட்டி ஷெல்லியைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். தமிழ்நாட்டின் ஆங்கில இலக்கிய மன்றங்களிலே உருப்படியான ஒன்று அதுதான் என்பேன். தலைமை விருந்தினர் இல்லை. பேட்ஜ் இல்லை. இருந்தது ஒரு ஜமீன் ஊர், கையில் ஒரு புத்தகம், கேட்க நாலைந்து பேர். பள்ளிக்கூட ஆங்கிலம் அவனைக் கசக்கி எறிந்தது. ஷெல்லி அவனுக்குள் போய் வேறாக வெளியே வந்தான். இரண்டும் ஒரே பாஷையில் நடந்த இரண்டு வெவ்வேறு காரியங்கள். நண்பரின் கட்டுரை முழுவதும் இந்த வித்தியாசத்தைத் தாண்டிக் குதித்துக்கொண்டே போகிறது.

அந்த ஆள் 1919இல் எங்கள் பக்கம் வந்தான். பள்ளத்தூருக்கு அடுத்தாற்போல இருக்கும் கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியார் வீட்டில் தங்கினான், காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கத்துக்குப் போனான். 1917இல் ஏற்பட்ட சங்கம் அது. கையில் கோலோடு நிற்கும் பிரசித்தமான அந்தப் படம் அங்கே எடுத்ததுதான். சங்கம் வைப்பது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல என்று சொல்வதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் வைத்தார். பட்டிமன்றம் என்கிற பூதம் அங்கிருந்துதான் கிளம்பியது என்று நம்மவர்கள் திட்டுவோம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அங்கே வாலியைக் கொன்றது சரியா தப்பா என்று ஒருவன் கேட்டான், இன்னொருவன் மறுத்தான், கீழே உட்கார்ந்திருந்தவன் கோபத்தோடு வீட்டுக்குப் போனான். போர்ஷியா செய்தது சரியா என்று கேட்கிற ஓர் ஆங்கில மன்றத்தைக் காட்டுங்கள்.

சென்னையிலும் ஒரு சங்கம் இருந்தது. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்து இளைஞர்கள் ஆறு பேர். டி. முத்துசாமி ஐயர் ஹைகோர்ட் நீதிபதியானதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் தாக்கியபோது, ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று எண்பது பிரதி அச்சிட்டார்கள். அதுதான் 'தி ஹிந்து'. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் கூடினால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது ஓர் அளவுகோல். (அதன் பிந்திய சரித்திரம் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு. இங்கே வேண்டாம்.)

ஆங்கிலம் இந்தச் சீமைக்கு எப்படி வந்தது என்பதையும் பார்த்தால் நல்லது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய பெட்டியடிப் பையன் கற்றது தமிழ்க் கணக்கு. பேரேடு தமிழில் இருந்தது. அடமானம், டிக்ரி, வக்கீல், கோர்ட் ஆங்கிலத்தில் இருந்தன. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது, எல்லாம் ஆங்கிலப் பத்திரத்தில். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் திறந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், நிலமும் போயிற்று, பத்திரம் மட்டும் தகரப் பெட்டியில் மிஞ்சிற்று. ஆங்கிலம் என்றால் உரிமையும் வழக்கும் மரியாதையும். அதில் கவிதையும் உண்டு என்ற செய்தி இந்த மாளிகைகளுக்குள் மெதுவாகத்தான் வந்தது, பல வீடுகளுக்கு வரவே இல்லை.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை என்பதை நான் கவுண்டரில் தினம் பார்க்கிறேன். (எலியட் 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் பாங்கில் இருந்தார் என்று சொல்லி என்னைத் தேற்றுகிற நண்பர்கள் உண்டு. அவர் அங்கே வெளிநாட்டுக் கணக்கு பார்த்தார். நான் நகைக்கடன் பார்க்கிறேன்.) செலான் மூன்று பாஷையில் அச்சிட்டிருக்கிறது. ஆச்சி ஒருவர் அழகான தமிழ்க் கையெழுத்தில் நிரப்பிவிட்டு, 'தம்பி, தமிழ்ல எழுதினா செல்லும்ல?' என்று கேட்கிறார். 'செல்லும் ஆச்சி' என்கிறேன். நம்பாமல் பேத்தியைக் கூப்பிட்டு இன்னொரு செலானை ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறார். பேத்தி ஆங்கில மன்றச் செயலாளராக இருந்தவள் என்று ஆச்சியே பெருமையாகச் சொன்னார். தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. நான் அந்தப் பெண்ணைக் கேலி செய்யவில்லை. பேட்ஜ் குத்திவிட்ட யாரும் அவளுக்கு ஆங்கிலத்தைக் கொடுக்கவில்லை. அதன் பிரபாவத்தை மட்டும் கொடுத்தார்கள். அது பேத்திக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, ஆச்சிக்குப் பயமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நண்பர் பட்டியலில் ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்: புத்தகம் சேகரிப்பது. அதற்கும் இங்கே ஒரு முன்னோடி உண்டு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி ஜீவனம் செய்த ரோஜா முத்தையா, யாரும் கௌரவிக்காத காலத்திலேயே புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று கண்டதையெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, சென்னையில் நூலகமாக நிலைக்கச் செய்தது. இன்று தமிழில் ஆராய்ச்சி செய்கிற எவனும் அந்தப் படியேறாமல் தப்ப முடியாது. அவரை எந்தச் சங்கத்தின் மதிப்பெண் விதி உள்ளே விட்டிருக்கும்?

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. நண்பரின் கட்டுரையை நம்மில் பலர் ரசித்ததற்குக் காரணம் ஆங்கிலம் அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் என்ற எண்ணம் நமக்கும் இனிக்கிறது. முந்நூறு பிரதி அச்சிட்டு, நமக்குள் படித்து, நமக்குள் பரிசு கொடுத்து, ரில்கேயையும் காஃப்காவையும் பெயர் சொல்வதாலேயே ஒருவனை உள்ளே விடுகிறோம், சொல்லாதவனை வாசலில் நிற்கவைக்கிறோம். சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஓர் இளைஞன், 'அந்தக் கவிதை எனக்குப் புரியவில்லை, உங்களுக்குப் புரிந்ததா?' என்று கேட்டபோது நம்மில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். டைம் ஆச்சு, உட்காரு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'அப்படியானால் நீ என்ன செய்யச் சொல்கிறாய்?' என்று நண்பர் கேட்பார். மன்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடட்டும். யாரும் வரலாம் என்று இருக்கட்டும், ஐம்பது மதிப்பெண்காரியும் வரட்டும், தமிழில் கேட்கட்டும். வருஷத்துக்கு ஒரே ஒரு கவிதை போதும். அதை ஒப்பிக்க வேண்டாம். டொரத்தியின் நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எது எங்கே மாறியது என்று பார்க்கட்டும். நடுவர், பரிசு, தோற்றத்துக்குக் கட்டம், இவை இருக்கக்கூடாது. இதற்கு அமெரிக்காவிலிருந்து சாசனம் தேவையில்லை, பொன்னாடைச் செலவும் மிச்சம். தலைமை ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆண்டறிக்கையில் போட்டோ போட இதில் ஒன்றும் இல்லை.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதப்போவதாக ஆசிரியர் சொன்னார். எழுதட்டும். அதற்குமுன் தம்பி மகளிடம் ஒன்றைக் கேட்டு எழுதும்படி வேண்டிக்கொள்கிறேன். மெழுகுவர்த்தி எத்தனை, கயிறு என்ன நிறம், உறுதிமொழி எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் அவர் கட்டுரையில் இருக்கின்றன. பதினான்கு பக்கத்தில் அந்தப் பிள்ளைகள் படித்த ஒரு புத்தகத்தின் பெயர்கூட இல்லை.